மெற்றில்டாவின் பத்து

எங்கள் பனவிளைத்துறையில் மாதா கோவில் பங்கு மண்டபத்துக் கம்பி மேலே போனது ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. நேரத்தைப் பற்றி ஊரில் சண்டை கிடையாது, ஏனென்றால் சரியாக அப்போதுதான் ஐஸ் கம்பெனியில் சங்கு ஊதியது, ஊதியவன் நான்தான். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சண்டை உண்டு. கம்பி மெதுவாகப் போனது என்பார்கள், பொசுக்கென்று போனது என்பார்கள், போகும்போது ஒரு சத்தம் கேட்டது என்று மாதா பேரில் சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மண்டபத்தில் இல்லை. ஆனால் இருந்த அத்தனை பேரையும் விசாரித்துவிட்டேன், அதனால் அங்கே இருந்த எந்த ஒரு ஆளைவிடவும் எனக்கு விவரம் கூடுதலாகத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெண்களுக்கென்று தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்று தொடங்கியிருந்தார்கள். எட்டு அணிகள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு அணிக்காரர்களும் கொல்கத்தாவில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள பிள்ளைகளை முறைவைத்து ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். பெயர் வந்த பிள்ளை பத்து மாதம் அந்த அணியோடு போய்விட வேண்டும். பட்டியலில் ஏறுவதற்கு முன்னால் உடம்பைச் சோதிப்பார்கள். ஓடச் சொல்வார்கள், குதிக்கச் சொல்வார்கள், கடைசியில் ஒரு நீள பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு மாட்டிய நாற்பது கிலோ கம்பியைக் கையில் கொடுப்பார்கள். அதை நெஞ்சில் தொடும்வரை இறக்கி, கை நேராகும்வரை மேலே தள்ளினால் ஒன்று. மறுபடி இறக்கித் தள்ளினால் இரண்டு. முடிகிற மட்டும் தள்ள வேண்டும். கோல்கீப்பர் என்றால் பத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பெயர் பட்டியலில் ஏறாது.

தென் மாவட்டங்களுக்கு எல்லாம் சேர்த்து இருபத்துமூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள், அதில் ஒன்பது பேர் எங்கள் கரைக்காரிகள், அதனால்தான் சோதனையை எங்கள் மண்டபத்தில் வைத்தார்கள். சோதிக்க வந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், தணிகாசலம் சார், ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் விசில், கையில் விதிப் புத்தகம், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. பெஞ்சில் படுத்த பிள்ளையின் முதுகு ஒரு விரல்கடை எழும்பினாலும் “இது சேராது” என்பார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஆட்களை முதல் நாள் ஏசுவோம், இரண்டாம் நாள் மீன்குழம்பு கொடுப்போம், மூன்றாம் நாள் பெண் கேட்பார்களா என்று பார்ப்போம். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது.

மெற்றில்டா கடைசி ஆள். பத்தொன்பது வயது, கோல்கீப்பர், கை மட்டும் தனியாக வளர்ந்த பிள்ளை. கோவிலில் நற்கருணை வாங்கக் கையை நீட்டினால் சாமியார் ஒரு அடி பின்னால் போவார் என்று நாங்கள் கேலி செய்வோம். நானும் ஒரு காலத்தில் ஊருக்காகப் பின்வரிசையில் ஆடியவன், என் காலுக்கு இடையில் போகாத பந்து கிடையாது, அதனால் எனக்குக் கோல்கீப்பர்கள்மேல் தனிப் பாசம் உண்டு. அவளுடைய அப்பா ஆழ்கடல் போட்டில் போகிறவர், நாற்பது நாள் கடல், நாலு நாள் வீடு. அம்மா பவுலினக்கா, முப்பது வருஷமாக அலுமினியச் சருவத்தில் மீனைத் தலையில் சுமந்து கருங்கல் சந்தைக்குப் போகிறவள், அன்றைக்கும் சந்தையில்தான் இருந்தாள்.

பிள்ளை படுத்தாள். கம்பியை வாங்கினாள். நெஞ்சைத் தொடும்வரை இறக்கினாள், மூச்சை இழுத்தாள், தள்ளினாள். கம்பி மேலே போனது, கை நேரானது, கை நேரான பிறகும் கம்பி போய்க்கொண்டே இருந்தது, அவள் விரலை விட்டு, ஆள் உயரத்தைத் தாண்டி, கொஞ்சம் மேலே போய், ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. தணிகாசலம் சார் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பெஞ்சிலிருந்து இழுத்துப் போட்டார், தலையில் விழுமே என்று. விழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு பச்சைப் பேனாவை உள்ளே வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து, மெற்றில்டா பெயருக்கு நேரே பூச்சியம் என்று எழுதினார்.

“பூச்சியமா சாரே?” என்று கேட்டாள் மெற்றில்டா.

“கையை விட்டுப் போச்சும்மா. கம்பி கையில இருக்கும்போது கை நேராகணும், அப்பதான் ஒண்ணு. விதியை நான் எழுதலை.”

“இன்னொருக்கா தள்ளட்டா?”

“தாராளமா தள்ளு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் பட்டியல் அனுப்பணும், அதுக்குள்ள எப்ப வேணா தள்ளலாம். ஆனா இந்தக் கம்பியிலதான் தள்ளணும். முத்திரை போட்டது இது ஒண்ணுதான்.”

அந்த முத்திரை போட்ட கம்பிக்கு அவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தார். கம்பி இல்லாமல் அவர் ஊர் திரும்ப முடியாது. அதனால் சாமியார் வீட்டு மாடியில் தங்கினார்.

கம்பி ஏன் இறங்கவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கரையில் ஒரு பொருள் கடலுக்குப் போய்விட்டால் ஏன் போனது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம், எப்படித் திரும்ப எடுப்பது என்றுதான் கேட்போம். இருந்தாலும் முறைக்குச் சிலரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் டீச்சர் வந்து, கம்பிக்கு மேலும் கீழும் கையை வீசிப் பார்த்துவிட்டு, கம்பி சரியாகத்தான் இருக்கிறது என்றார். அற்புதம் என்று அறிவிக்கலாமா என்று பங்குப் பேரவைக்காரர்கள் சாமியாரிடம் போனார்கள். “அற்புதம்னா பிஷப்புக்கு எழுதணும். பதிலு வர எட்டு மாசம் ஆவும். சனிக்கிழமை மண்டபத்துல கல்யாணம் இருக்கு, போயி நாற்காலிய அடுக்குங்க” என்றார் அவர்.

அன்று பொழுது சாய்வதற்குள் கம்பி ஊர்க்காரனாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பையை அதில் மாட்டிவிட்டுப் படித்தார்கள், மாதர் சங்கத்தார் கூட்டம் போட்டபோது குடையை மாட்டினார்கள், இளைஞர் இயக்கத்துப் பயல்கள் ஆறு பேர் ஒரே நேரத்தில் தொங்கி உடம்பை வளர்த்தார்கள், முதுகு வலிக்கிறவர்கள் வந்து இரண்டு நிமிஷம் தொங்கிவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள், மைக் செட்காரன் ஒலிபெருக்கியைக் கட்டிப் பார்த்து, சுவரில் கட்டுவதைவிட இதில் சத்தம் தெளிவாக வருகிறது என்றான். பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய கம்பி ஒன்று நின்றது என்று அவர்களில் ஒருவர் சொன்னார், நாங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

மெற்றில்டாவுக்கு மட்டும் கம்பி பழகவில்லை. மணிக்கு ஒருதரம் வந்து அதன் அடியில் பெஞ்சைப் போட்டுப் படுப்பாள், மேலே பார்ப்பாள், எழுந்து போவாள். எட்டு வயதிலிருந்து பந்தைப் பிடிக்கிற பிள்ளை, பிடிக்க வேண்டிய ஒன்று தன் கையை விட்டுப் போனது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவளோடு ஓடிக் குதித்தவர்களில் ஆறு பேருடைய பெயர் பச்சைப் பேனாவில் இருந்தது. அவளைவிடக் குட்டைக்காரி, அவளைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருத்தி பதினொன்று தள்ளிப் பட்டியலில் ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிறகோரி கிளம்பினான். கிறகோரி எங்கள் ஊரில் கரைமடிக்குத் தலைவன். கரைமடி என்றால், வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்றுகொண்டே ஊர் சேர்ந்து இழுப்பது. கிறகோரி அம்பா பாட்டு எடுத்துக் கொடுக்க, நாங்கள் திருப்பிப் பாட, பாட்டின் ஒவ்வொரு முறிவிலும் கயிறு ஒரு முழம் உள்ளே வரும். திமிங்கலச் சுறாவையே அப்படி இழுத்துப் போட்டிருக்கிறோம், ஒரு கம்பி வராதா என்றான். கம்பியில் வடத்தைக் கட்டி, வாசல் வழியாக முற்றம் வரை விட்டு, அறுபது பேர் பிடித்தோம். பாடினோம், இழுத்தோம், பாடினோம், இழுத்தோம், குரல் கட்டும்வரை பாடினோம், வடம் அறுந்து அறுபது பேரும் குண்டி மண்ணில் பட உட்கார்ந்தோம். தடித்த வடம் கொண்டுவந்தோம். இந்த முறை வடம் அறுபடவில்லை, வாசல் நிலை பெயர்ந்து வந்தது. சாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து, நிலையைப் பார்த்து, எங்களைப் பார்த்து, திரும்பிப் போனார். கம்பி நின்ற இடத்திலேயே நின்றது.

அன்று மத்தியானம் பவுலினக்கா ஐஸ் வாங்க வந்தாள். மீனுக்கு ஐஸ் போடுகிறவள் என்றைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போடுவாள், அன்றைக்குப் பேசவில்லை.

“என்ன பவுலினக்கா?” என்றேன்.

“எனக்க மக தள்ளினத ஒலகத்துல ஒருத்தியும் தள்ளல. அதுக்குப் பூச்சியம்னு எழுதியிருக்கு. இது எந்த ஊரு ஞாயம் ததேயுவே?”

“ஒனக்கு அவ போவணும்னு இருக்கா?”

அவள் ஐஸ்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அது உருகி முழங்கை வழியாக வடிந்தது.

“அவளுக்க அப்பன் வந்தா நாலு நாளு. இவளும் போயிட்டா நான் பேசதுக்கு வீட்டுல சருவந்தான் இருக்கு. போவாண்டாம்னு இருக்கு ததேயு. போவாண்டாம்னு நெனைக்க நேரத்துலயே, போவாம கெடந்தா இவளும் நாளைக்கு இந்தச் சருவத்தத்தான் தூக்குவா, போவட்டும்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா கெடந்து அடிக்கி. கம்பி எறங்கலன்னு வந்து சொன்னப்ப எனக்கு ஒரு சந்தோசம் வந்து பாத்துக்கோ. ஒரு நொடிதான். அந்தச் சந்தோசத்துக்காண்டி நேத்துலேருந்து எனக்குச் சோறு எறங்கல.”

இதை அவள் என்னிடம் சொன்னாள் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்பதால் சொல்கிறேன்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. அலங்காரக்காரர்கள் கம்பியைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, மல்லிகைச் சரத்தையும் மணமக்கள் பெயர் எழுதிய பலகையையும் அதிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் அடியில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் இதற்கு வாடகை தனியா என்று கேட்டார்கள். மெற்றில்டா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை ஆனது. கடைசிப் பந்தியில் தணிகாசலம் சார் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் ஊற்றாமல் நின்றாள்.

“சாரே, கம்பி நெஞ்சுக்கு வரணும்னு எழுதியிருக்கா, நெஞ்சு கம்பிக்குப் போவக் கூடாதுன்னு எழுதியிருக்கா?”

அவர் பாயசத்தைக் குடித்து முடித்தார். கை கழுவினார். துடைத்தார். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

“கம்பி நெஞ்சைத் தொடணும்னு இருக்கு. யார் யார்கிட்ட போகணும்னு இல்லை” என்றார். “ஆனா கேளும்மா. நாலு பேர் உன்னைத் தூக்கித் தூக்கி இறக்கினா, அது அந்த நாலு பேர் பலம். அதை உன் பேர்ல நான் எழுத முடியாது.”

“அவங்க எறக்கவேண்டாம் சாரே. தூக்கிப் பிடிக்கட்டும். கம்பி அசையாது. நான் கம்பியத் தள்ளுனா அவங்கதான் கீழ போவணும். முடிஞ்சா போவாம நிக்கட்டும்.”

தணிகாசலம் சார் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்தார். “எத்தனை பேர்?” என்று கேட்டார்.

நாற்பது பேர். ஏனென்றால் மாதா திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குகிறவர்கள் நாற்பது பேர், அந்தச் சப்பரத்தின் அடிப்பலகையும் இரண்டு நீளத் தண்டுகளும்தான் கோவில் அறையில் இருந்தன. சாமியார் சாவியைக் கொடுத்தார், வாசல் நிலை போனபிறகு இனி என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு. கம்பியில் தொங்கிய சரத்தையும் பெயர்ப் பலகையையும் அவிழ்த்துவிட்டு, சப்பரப் பலகையில் பெஞ்சைக் கட்டினோம். மெற்றில்டா ஏறிப் படுத்தாள். ஆளுக்கொரு இடமாகக் குனிந்து தண்டுக்குத் தோளைக் கொடுத்தபோது, முன்வரிசையில் கிறகோரிக்குப் பக்கத்தில் ஒரு ஆளைத் தள்ளிவிட்டுப் பவுலினக்கா வந்து நின்றாள். சப்பரத் தண்டைப் பெண்கள் தொடுவதில்லை என்று அதுவரை இருந்தது. அவள் சருவத்துக்கு வைக்கிற சும்மாட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, தண்டுக்கு அடியில் போனாள். அவளுக்கு நேர் பின்னால் நான் இருந்தேன்.

கிறகோரி அம்பா எடுத்துக் கொடுத்தான், பாடினோம், தூக்கினோம், தூக்கிய உடனே நடந்தோம். கம்பிக்கு அடியில் போய், கம்பியைத் தாண்டி, சமையல்கூட வாசல் வரை மெற்றில்டாவைக் கொண்டுபோய்விட்டோம். விசில் ஊதியது.

“எங்க போறீங்க?” என்று கேட்டார் தணிகாசலம் சார்.

“தெரியாது சாரே. காலு போவுது” என்றான் கிறகோரி.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிறந்தது முதல் நாங்கள் பாடித் தூக்குவது வள்ளத்தைத்தான், வள்ளத்தைத் தூக்கினால் அலை தொடாத மேட்டுக்கு நடந்தே ஆக வேண்டும், தூக்கிக்கொண்டு சும்மா நிற்பது என்பது எங்கள் ஊரில் யாரும் செய்திராத காரியம். இரண்டாவது முறையும் நடந்தோம். மூன்றாவது முறை, நடக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். மணி நாலேகால் ஆகியிருந்தது.

மேலேயிருந்து மெற்றில்டாவின் குரல் வந்தது. “மாமா, பாட்ட நிறுத்துங்க.”

கிறகோரி பாட்டை நிறுத்தினான். எங்கள் கரையில் பாட்டில்லாமல் ஒரு பாரம் தூக்கியது அன்றைக்குத்தான். நாற்பது பேரும் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு, முழங்காலை ஊன்றி, எழுந்தோம், எழுந்த இடத்திலேயே நின்றோம். பலகை மேலே போனது. கம்பி பிள்ளையின் நெஞ்சைத் தொட்டது.

“ஒரு நிமிஷம்” என்றார் தணிகாசலம் சார். புத்தகத்தைக் கல்யாணப் பொண்ணின் கையில் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார், கிறகோரிக்கு எதிரே தண்டுக்கு அடியில் வந்து தோளைக் கொடுத்தார். “நீங்க விட்டுக்கொடுக்கிறீங்களா இல்லையான்னு எனக்குத் தோள்லதான் தெரியும். ஒரு ஆள் வேணும்னே முட்டியை மடக்கினாலும் சேராதுன்னு சொல்லிடுவேன்.”

“மடக்க மாட்டோம் சாரே” என்றாள் பவுலினக்கா.

அப்போது மெற்றில்டா தள்ளினாள். நான் சப்பரம் சுமந்திருக்கிறேன், வள்ளம் சுமந்திருக்கிறேன், ஐம்பது கிலோ ஐஸ்கட்டியை ஒரு நாளைக்கு எண்பது தரம் சுமக்கிறவன், ஆனால் அந்த மாதிரிப் பாரம் என் தோளில் வந்ததில்லை. அது எங்கள்மேல் விழவில்லை. ஒரு சீராக, அவசரமில்லாமல், ஒரு பிள்ளையின் கை நேராகிற வேகத்தில் வந்தது. எதிர்த்து நின்றோம். கால் நரம்பெல்லாம் புடைக்க நின்றோம். நின்றுகொண்டிருக்கும்போதே எங்கள் முழங்கால்கள் மடங்கி, மடங்கி, நாற்பத்தொரு பேரும் தரையில் முழங்காலில் இருந்தோம்.

“ஒன்று” என்றார் தணிகாசலம் சார். அவர் குரல் தரையிலிருந்து வந்தது.

எழுந்தோம், நெஞ்சு தொட்டது, தள்ளினாள், தாழ்ந்தோம், இரண்டு. எழுந்தோம், தொட்டது, தள்ளினாள், தாழ்ந்தோம், மூன்று. கல்யாணப் பொண்ணு மாலையோடு நாற்காலியில் ஏறி நின்று எண்ணினாள், மாப்பிள்ளை வீட்டாரும் எண்ணினார்கள், பாத்திரம் கழுவ வந்தவர்கள் கையில் சாம்பலோடு எண்ணினார்கள், ஐந்து, எழுந்தோம், தாழ்ந்தோம், ஆறு, நாங்கள் குறையக் குறைய அவள் கூடிக்கொண்டே போனாள், எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது, இந்தப் பிள்ளை என்னைத் தாழ்த்துகிறாள், என்னையும் கிறகோரியையும் வேலூர்க்காரரையும் சேர்த்துத் தாழ்த்துகிறாள் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது, மூச்சில்லை. ஏழு. எட்டு.

எட்டுக்குப் பிறகு அவள் கையை நேராக நிறுத்தி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பலகை நடுங்குவது தண்டு வழியாக எங்களுக்கு வந்தது. ஒன்பதாவதுக்கு நெடுநேரம் எடுத்தது. பாதியில் நின்றது, நாங்கள் ஒரு விரல்கடை மேலே வந்தோம், மறுபடி தள்ளினாள், போனோம். ஒன்பது. சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பதைக் காட்டியது.

மறுபடி எழுந்தோம். கம்பி தொட்டது. அவள் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் வியர்வை பலகை இடுக்கு வழியாக என் கழுத்தில் சொட்டியது. மறுபடி தள்ளினாள், நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம்.

கிறகோரி உதட்டை அசைக்காமல் சொன்னான், “லேய், கொஞ்சம்போல முட்டியத் தளத்துங்க. பிள்ள பாவம்.”

எல்லாருக்கும் கேட்டது. தணிகாசலம் சாருக்கும் கேட்டிருக்கும். அவர் விசிலைத் தொடவில்லை, அவரும் ஒரு மனிதர்தானே. என் முழங்கால் தளரத் தொடங்கியது, பொய் சொல்வானேன், தொடங்கியது. அப்போது முன்னாலிருந்து பவுலினக்காவின் குரல் வந்தது.

“எவன் முட்டிய மடக்குனாலும் நாளைக்கு எனக்க மொகத்துல முழிக்கக் கூடாது. அவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்காண்டாம். நில்லுங்கலே.”

சொல்லிவிட்டு அவள் தோளைத் தண்டில் ஏற்றி இன்னும் மேலே தள்ளினாள். நேர் பின்னால் நின்றவன் நான், நான் பார்த்தேன். முப்பது வருஷம் சருவம் சுமந்த கழுத்து நரம்பு கயிறாக எழும்பி நின்றது. மகளை விடக் கூடாது என்கிற ஆசை மொத்தத்தையும் அவள் அந்தத் தண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதில் ஒரு துளி நடிப்பு கிடையாது, அவளால் முடிந்திருந்தால் அங்கேயே அப்படியே பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள். அவளைப் பார்த்து நாங்களும் தள்ளினோம். ஊர் முழுவதும் சேர்ந்து ஒருத்தியைப் போகவிடாமல் பிடித்தோம்.

மேலே மெற்றில்டா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது, பலகை மறைத்தது. நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு பாரம் வந்தது. முன்பு வந்த ஒன்பதைவிடவும் மெதுவாக வந்தது. பின்வரிசை முதலில் போனது, பிறகு நடுவரிசை, பிறகு கிறகோரி, பிறகு நான், பிறகு தணிகாசலம் சார், விசில் தரையில் மோத. பவுலினக்கா மட்டும் நின்றாள். நாற்பது பேர் முழங்காலில் இருக்க, அவள் ஒருத்தி வளைந்த முதுகோடு, எண்ணிப் பார்த்தால் நாலு நொடி இருக்கும், நின்றாள். பிறகு அவளுடைய இடது முட்டி மடங்கியது, வலது முட்டி மடங்கியது.

“பத்து” என்றார் தணிகாசலம் சார்.

பவுலினக்கா எழுந்திருக்கவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். தலைக்கு மேலே பலகைதான் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை, இருந்தாலும் அண்ணாந்து பலகையைப் பார்த்தே மகளிடம் சொன்னாள்.

“தோத்துட்டேன் மக்களே. இனி நீ போ.”